லெஜண்ட் பெட்டிக்குள் கை வைப்பது எப்படி: மேட்பிளாட்லிப்பில் ஒரு வசதியைச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் ஒரு மீனவர் சங்கக் கூட்டம். திரையில் நான் போட்ட வரைபடம்: ஜனவரி முதல் செப்டம்பர் வரை விசைப்படகுகள் நாள்தோறும் கரைசேர்த்த மீனின் எடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பின்னால் சாம்பல் நிறப் பட்டை, அதன் உச்சியில் ‘தடைக்காலம்’ என்ற எழுத்து. எழுத்து யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கோடு எது என்று சொல்லும் குறிப்புப் பெட்டி, அதாவது லெஜண்ட் பெட்டி, குறிபார்த்து அதன் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது.

“தம்பி, நாங்க கடலுக்குப் போகாத நாளத்தான் எல்லாரும் பாக்கணும். அதப் போயி பொட்டி போட்டு மூடி வச்சிருக்கீங்களே” என்றார் முன்வரிசையில் இருந்த பெரியவர்.

அன்று ராத்திரி உச்சிப்புளிக்குத் திரும்பியதும் அந்தப் பெட்டி ஏன் அங்கே போனது என்று, நான் படம் போடப் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்து சேர்ந்தேன். பைத்தான் ஓரளவு எழுதத் தெரியும், மேட்பிளாட்லிப்பில் படம் போட்டுப் பழக்கம் உண்டு, ஆனால் அந்த நூலகத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் செய்து அனுப்பியதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளாஸ், ஆர்கியுமென்ட் பெயர்களை ஒலித்தபடி தமிழில் எழுதுகிறேன். எடிட்டரில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எழுத்துக்கூட்டு பிடிபட்டுவிடும்.

மேட்பிளாட்லிப்பைத் தொடங்கியவர் ஜான் ஹண்டர், நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. மேட்லேப் போலப் படம் போடும் பைத்தான் நூலகத்தை அவரே எழுதி 2003-இல் வெளியிட்டார். 2012-இல் அவர் காலமானார். அதன்பிறகும் நூலகத்தை வளர்த்துவருவது ஊர் பேர் தெரியாத பலருடைய கை. உங்கள் கையும் சேரலாம். ஆனால் லெஜண்ட் என்பது எடுத்த எடுப்பில் தொட ஏற்ற இடம் போலத் தோன்றும், தொட்டால் இழுத்துக்கொண்டே போகும் இடம்.

பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது

நிரலைத் திருத்தும் முன் மூன்று கோப்புகளைப் படியுங்கள்: ‘லெஜண்ட்’, ‘லெஜண்ட் ஹேண்ட்லர்’, ‘ஆஃப்செட்பாக்ஸ்’. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டு இறங்குகிறார்கள். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது.

லெஜண்டில் தெரியும் குட்டிக் கோடு உங்கள் வரைபடத்தில் உள்ள கோடு அல்ல. அதைப் போல இன்னொன்றைச் சின்னதாகப் புதிதாக வரைந்து வைக்கிறார்கள். வரைகிறவர் பெயர் ஹேண்ட்லர். கோட்டுக்கு ஒரு ஹேண்ட்லர், நிரப்பிய வடிவத்துக்கு ஒன்று, பிழைக்கோட்டுக்கு ஒன்று, பல உருப்படிகளை ஒரே வரியில் சேர்த்துக் காட்ட டியூப்பிள் ஹேண்ட்லர். ஒரு உருப்படி வந்ததும் முதலில் அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கென்றே ஹேண்ட்லர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அதன் கிளாஸுக்கு, அதற்கும் இல்லையென்றால் தாய் கிளாஸுக்கு என்று மேலே ஏறிப் போவார்கள். உங்கள் தேவை “என் சொந்த வடிவம் லெஜண்டில் சரியாகத் தெரியவில்லை” என்பது மட்டுமானால் நூலகத்தில் கை வைக்கவே வேண்டாம். ஹேண்ட்லர்பேஸிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, ‘க்ரியேட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ மெத்தடை நிரப்பி, ‘ஹேண்ட்லர் மேப்’ வழியாகக் கொடுத்தால் போதும். பாதிப் பேருடைய ‘புது வசதி’ ஆசை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அடுக்குதல். ஒவ்வொரு உருப்படியும் ஒரு கிடை அடுக்கு: இடப்பக்கம் குட்டிப் படம், வலப்பக்கம் எழுத்து. இதற்கு ஹெச்பேக்கர். அப்படிப்பட்ட உருப்படிகளை மேலிருந்து கீழாக அடுக்கினால் ஒரு பத்தி, அதற்கு விபேக்கர். பத்திகளை மறுபடி ஒரு ஹெச்பேக்கர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு, சுற்றி ஒரு விபேக்கர். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. பாம்பனில் ஐஸ் போட்டு லாரியில் ஏற்றும் மீன் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இடைவெளிகள் எல்லாம் எழுத்தளவின் மடங்கில் வரும். ‘ஹேண்டில்லெங்த்’ இயல்பாக 2.0, எழுத்து 10 பாயிண்ட் என்றால் குட்டிக் கோட்டின் நீளம் 20 பாயிண்ட். ‘லேபிள்ஸ்பேசிங்’ 0.5, ‘பார்டர்பேட்’ 0.4, ‘காலம்ஸ்பேசிங்’ 2.0. நீங்கள் புதிதாக ஒரு இடைவெளி ஆர்கியுமென்ட் சேர்ப்பதானால் அதுவும் இதே அலகில்தான் இருக்க வேண்டும். பிக்சலில் கேட்டால் பரிசீலனையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இனி நான் தடுமாறிய இடம். பெட்டி எவ்வளவு பெரியது என்பது லெஜண்டை உருவாக்கும்போது தெரியாது, வரையும்போதுதான் தெரியும். எழுத்தின் அகலம் எந்தப் பின்தளம் (படத்தை உண்மையில் வரையும் பகுதி) வரைகிறது, எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்பதைப் பொறுத்தது. அதனால் லெஜண்ட் தன் இடத்தை ஒரு எண்ணாக வைத்துக்கொள்வதில்லை. ‘ஃபைண்ட் ஆஃப்செட்’ என்ற ஃபங்ஷனை உள்ளே கொடுத்து வைத்திருக்கிறது. வரையும் நேரத்தில் பெட்டியின் அகல உயரத்தோடு அதைக் கூப்பிடுவார்கள். “லெஜண்டை உருவாக்கியதும் அதன் அளவைக் கேட்டேன், தப்பாக வருகிறது” என்று புலம்புகிறவர்கள் எல்லாம் கேட்டது படம் வரையப்படும் முன்பு. படத்தைச் சேமிக்காமலே கணக்கை மட்டும் ஓட்டிப் பார்க்க ‘டிரா வித்அவுட் ரெண்டரிங்’ என்ற மெத்தட் 3.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. பிறகு டெஸ்ட் எழுதும்போது இது கைகொடுக்கும்.

கீழ்க்கோட்டில் தொடங்கும் லேபிள்கள் லெஜண்டில் வராது. இதை மறந்துவிட்டு மூன்று மணி நேரம் தேடியிருக்கிறேன்.

‘பெஸ்ட்’ எப்படி இடம் பார்க்கிறது

இடத்தைச் சொல்லும் ‘லொக்’ ஆர்கியுமென்ட்டுக்கு 0 முதல் 10 வரை எண்களும், அவற்றுக்கு நேரான பெயர்களும் உண்டு. 1 வலது மேல், 2 இடது மேல், 10 நடு மையம். 0 என்றால் ‘பெஸ்ட்’, அதாவது நீயே நல்ல இடமாகப் பார். 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பு. அதற்கு முன் வலது மேல் மூலை.

‘பெஸ்ட்’ செய்வது இவ்வளவுதான். 1 முதல் 10 வரை ஒவ்வொரு இடத்திலும் பெட்டியை வைத்துப் பார்க்கும். பெட்டிக்குள் கோடுகளின் எத்தனை முனைப்புள்ளிகள் விழுகின்றன, சிதறல் புள்ளிகள் எத்தனை, எத்தனை செவ்வகங்கள் மேலே ஏறுகின்றன, எத்தனை கோடுகள் குறுக்கே போகின்றன என்று எண்ணிக் கூட்டும். கூட்டுத்தொகை பூஜ்யமானால் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் இருப்பதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளும்.

என் வரைபடத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நாள்தோறும் ஒரு புள்ளி. இடது மேல் மூலையில் பெட்டியை வைத்தால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் புள்ளிகள் பல அதற்குள் விழும். வலது மேலும் அப்படியே. தடை முடிந்து படகுகள் இறங்கியதும் மீன்பாடு அதிகம், கோடு உயரத்தில் ஆடும். நடு மேலே? கோடு கீழே படுத்திருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை. சாம்பல் பட்டையை மிதித்ததற்காக அதிகபட்சம் ஒரு குற்றம். கணக்குப்படி அதுவே சிறந்த இடம். புள்ளி இல்லாத இடமெல்லாம் காலியிடம் என்பதுதான் நிரலுக்குத் தெரிந்த உலகம். வெற்றிடமே செய்தியாக இருக்கும் படங்கள் எங்கள் கரையில் நிறைய.

இதைத் திருத்த ஒரு வசதி எழுதலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. லொக்கை இடது மேல் என்று நீங்களே சொல்லி, ‘பிபாக்ஸ் டு ஆங்கர்’ கொடுத்து, பெட்டியை அச்சுகளுக்கு வெளியே தள்ளினால் முடிந்தது. 3.7 பதிப்பிலிருந்து முழுப் படத்துக்கான லெஜண்டில் ‘அவுட்சைட்’ என்று தொடங்கும் இடப்பெயர்களும் உண்டு. கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டோடு சேர்த்தால் வெளியே தனி இடம் ஒதுக்கித் தரும். ‘பெஸ்ட்’டின் எண்ணும் முறையை மாற்றினால் உலகத்தில் எத்தனையோ பேருடைய பழைய படங்களில் பெட்டி இடம் மாறும். ஆய்விதழுக்கு அனுப்பிவிட்ட படம் நாளை வேறு மாதிரி வந்தால் அவர் உங்களைச் சும்மா விடுவாரா? லெஜண்டில் எதை எழுதினாலும், புது ஆர்கியுமென்ட்டைக் கொடுக்காதவர் படத்தில் ஒரு பிக்சல்கூட நகரக்கூடாது.

எடுத்துக்கொள்ளும் வேலை

பயிற்சிக்கு, சின்னதும் நிஜத் தேவையும் உள்ள ஒன்றை எடுக்கிறேன்: பல பத்தி லெஜண்டில் பெயர்களை வரிசைவாரியாக நிரப்புவது.

ஏழு ஊர்களின் கடல்நீர் வெப்பநிலையைக் கரையோரமாகப் போகும் வரிசையில் போடுகிறோம்: தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி. பெட்டி படத்துக்கு மேலே தட்டையாக இருக்க மூன்று பத்தி கேட்கிறோம். மேட்பிளாட்லிப் பத்திவாரியாக நிரப்பும். முதல் பத்தியில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம். இரண்டாவதில் பாம்பன், ராமேஸ்வரம். மூன்றாவதில் கீழக்கரை, ஏர்வாடி. நாம் படிப்பதோ இடமிருந்து வலம். தொண்டி, பாம்பன், கீழக்கரை என்று வாசிக்கிறவருக்குப் பேருந்து எந்த வழியாகப் போகிறது என்றே புரியாது. நமக்குத் தேவை முதல் வரியில் முதல் மூன்று, இரண்டாம் வரியில் அடுத்த மூன்று, கடைசியில் ஏர்வாடி.

நிரலில் கை வைக்கும் முன், மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் தேடுங்கள். திறந்த இஷ்யூ (குறை அல்லது கோரிக்கைப் பதிவு) மட்டும் போதாது. மூடியவை, பாதியில் கைவிட்ட புல் ரிக்வெஸ்ட்கள் (நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கைகள்) எல்லாவற்றையும் பாருங்கள். லெஜண்ட் பற்றி ஒருவர் நினைக்கக்கூடிய எதையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். கைவிட்ட புல் ரிக்வெஸ்டின் கீழே நடந்த விவாதம் புதையல். பராமரிப்பாளர்கள் எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதில் இருக்கும். உங்கள் யோசனை யார் கையிலும் இல்லை என்று உறுதியானதும் ஒரு இஷ்யூவில் எழுதுங்கள்: இப்போது வரும் படம், வேண்டிய படம், பத்து வரிக்குள் ஓடக்கூடிய நிரல். “வசதியாக இருக்கும்” என்று எழுதாமல் அந்த ஏழு ஊர்ப் பெயரையும் போட்டுக் காட்டுங்கள். அங்கே ராமநாதபுரம் யாருக்கும் தெரியாது. வரிசை கலைந்திருப்பது தெரியும்.

கணினியைத் தயார் செய்தல்

ஃபோர்க் செய்து, உங்கள் பிரதியை இறக்கி, மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கும் மேலான வரலாறு உள்ள களஞ்சியம். இணைப்பு மெதுவாக உள்ள ஊரில் இறங்க நேரமாகும். ‘டெப்த் 1’ என்று கொடுத்து மேலோட்டமாக இறக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பதிப்பு எண்ணை, வெளியீடுகளைக் குறிக்கும் டேக்குகளிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். டேக் இல்லாவிட்டால் பதிப்பு தப்பாக வரும். அதற்குப் பதில் ‘ஃபில்டர்’ ஆப்ஷனில் ‘பிளாப் நன்’ என்று கொடுங்கள். கமிட் வரலாறும் டேக்கும் வந்துவிடும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் போடுங்கள். உள்ளே சி++ நிரலும் இருப்பதால் கம்பைலர் வேண்டும். கட்டமைப்பு இப்போது மீசான் என்ற கருவி வழியாக நடக்கிறது. ‘நோ பில்ட் ஐசொலேஷன்’, ‘எடிட்டபிள்’ இரண்டும் சேர்த்து பிப்பில் நிறுவினால் நீங்கள் மாற்றும் பைத்தான் கோப்பு உடனே செயலுக்கு வரும். முதல் கட்டமைப்பின்போது ஃப்ரீடைப் (எழுத்து வரைய), க்யூஹல் (வடிவியல் கணக்குக்கு) இரண்டின் மூலத்தையும் இணையத்திலிருந்து எடுக்கும். உங்கள் கணினியில் ஏற்கெனவே ஃப்ரீடைப் இருந்தாலும் அதை நம்பாமல் குறிப்பிட்ட ஒரு பதிப்பையே சேர்த்துக் கட்டுவார்கள். பதிப்பு மாறினால் எழுத்தின் வடிவம் ஒரு மயிரிழை மாறும். டெஸ்ட் படங்கள் ஒத்துவராது. கரண்ட் போகும் நேரம் பார்த்து இதைத் தொடங்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் எதையும் மாற்றாமல் லெஜண்ட் டெஸ்ட் கோப்பை மட்டும் பைடெஸ்ட்டில் ஓட்டுங்கள். முழுவதும் தேறியதா என்று பார்த்துவிட்டுப் புது கிளை தொடங்குங்கள்.

நிரல்

லெஜண்ட் கோப்பில் ‘இனிட் லெஜண்ட் பாக்ஸ்’ என்ற மெத்தடைத் தேடுங்கள். அதன் பின்பாதியில், தயாரான உருப்படிகளின் பட்டியலை நம்பையின் ‘அரே ஸ்ப்ளிட்’ கொண்டு பத்திகளாக வெட்டுகிறார்கள். ஏழை மூன்றாக வெட்டினால் 3, 2, 2.

வரிசைவாரியாக நிரப்ப வெட்டுகிற விதத்தை மாற்றினால் போதும். முதல் பத்திக்கு 1-ஆவதில் தொடங்கி மூன்று மூன்றாகத் தாண்டி எடுங்கள்: 1, 4, 7. இரண்டாவதற்கு 2, 5. மூன்றாவதற்கு 3, 6. பைத்தான் ஸ்லைஸில் ஒரே வரி. எண்ணிக்கையைக் கவனியுங்கள்: இதுவும் 3, 2, 2. எத்தனை உருப்படி, எத்தனை பத்தி ஆனாலும் இரண்டு முறையிலும் ஒவ்வொரு பத்தியிலும் வரும் எண்ணிக்கை ஒன்றே. மிச்சம் வருவதை முன்பத்திகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பதே இரண்டும். இந்தச் சின்ன உண்மை பிறகு டெஸ்டில் பெரிய உதவி.

பெயர் வைப்பது நிரலை விடக் கஷ்டம். ‘ரோ ஃபர்ஸ்ட்’ என்று உண்மை/பொய் ஆர்கியுமென்ட் வைக்கத் தோன்றும். நான் அதைத் தவிர்ப்பேன். நாளை மூன்றாவது முறை ஒன்று வேண்டுமென்றால் இன்னொரு உண்மை/பொய் சேர்க்க நேரிடும், பிறகு இரண்டும் உண்மையானால் என்ன செய்வது என்ற வழக்கு வரும். ‘காலம்ஸ்’ அல்லது ‘ரோஸ்’ என்று சொல்லாக வாங்குங்கள், இயல்பு ‘காலம்ஸ்’. வேறு எதையாவது கொடுத்தால் உள்ளேயே இருக்கும் ‘செக் இன் லிஸ்ட்’ உதவி ஃபங்ஷன் ஒழுங்கான பிழைச்செய்தி தரும். ஆர்கியுமென்ட்டைப் பெயர் சொல்லி மட்டுமே கொடுக்கும்படி வையுங்கள். எல்லாப் படத்துக்குமான இயல்பு அமைப்புகள் இருக்கும் ஆர்சிபேராம்ஸில் சேர்க்க வேண்டாம். ஒரு படத்துக்கு ஒரு தேவை என்பதைத் தாண்டி, எல்லாப் படத்துக்கும் வேண்டும் என்று ஆட்கள் கேட்கும்வரை அந்தக் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் மூடுவது சிரமம். எதை நீக்குவதானாலும் குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும்.

உரசக்கூடிய பழைய வசதிகளையும் பாருங்கள். ‘ரிவர்ஸ்’ என்று ஒன்று 3.7-இல் வந்தது, பட்டியலைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் பெட்டி கட்டத் தொடங்கும், அதனால் உங்கள் நிரலுக்கு அது தெரியாமலே சேர்ந்து வேலை செய்யும். பத்திகளின் எண்ணிக்கை உருப்படிகளை விட அதிகமானால் காலியாக மிஞ்சும் பத்திகளை வடிகட்டி விட்டுவிடுகிறார்கள். தாண்டி எடுக்கும்போது வரும் காலிப் பத்திகளையும் அதே மாதிரி வடிகட்டிவிடுங்கள். ‘கெட் டெக்ஸ்ட்ஸ்’ திருப்பித் தரும் வரிசை மாறவே கூடாது. அது கொடுத்த வரிசையிலேயே சேகரிக்கப்படுகிறது. நீங்கள் வெட்டும் இடத்தை மட்டும் தொட்டால் பத்திரமாக இருக்கும்.

வரி கோணுகிற இடம்

இப்போது ஓட்டிப் பாருங்கள். ஏழு ஊரும் அழகாக வரும். திருப்தியோடு புல் ரிக்வெஸ்ட் திறக்கப் போவீர்கள். நில்லுங்கள். இரண்டாவது பெயரை இரண்டு வரியாக்குங்கள்: மேலே ‘தேவிபட்டினம்’, கீழே ‘நவபாஷாணம்’.

இரண்டாம் பத்தியில் ராமேஸ்வரம் ஒரு வரி கீழே இறங்கிவிடும். அதன் இருபுறமும் பாம்பனும் கீழக்கரையும் மேலேயே நிற்கும். பத்திவாரியாக இருந்தவரை இது யார் கண்ணிலும் உறுத்தவில்லை, ஏனென்றால் யாரும் குறுக்கே வாசிக்கவில்லை. நீங்கள் குறுக்கே வாசிக்கச் சொன்னதும் கோணல் தெரிகிறது. ஒவ்வொரு பத்தியும் தனித்தனி விபேக்கர். பக்கத்துப் பத்தியில் எந்த வரி எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது.

தமிழில் எழுதினால் இரண்டு வரி இல்லாமலே இந்தச் சிக்கல் எட்டிப்பார்க்கும். ஒரு எழுத்துப் பகுதியின் உயரத்துக்கு ஆங்கிலத்தின் ‘எல்’, ‘பி’ என்ற இரண்டு சிறிய எழுத்துகளை அளவுகோலாக வைக்கிறார்கள். எழுத்து அதைத் தாண்டினால் அந்த வரி மட்டும் உயரும். ‘பி’யின் வாலை விட ‘ழு’வின் வால் கீழே இறங்கும் எழுத்துருவில் ஒரு பத்தி மட்டும் அரை மில்லிமீட்டர் நழுவியிருக்கும். என்னவோ சரியில்லை என்று தோன்றும், எது என்று சொல்ல வராது.

தீர்வுக்கு இரண்டு வழி. பத்திகளை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியையும் ஒரு ஹெச்பேக்கராகக் கட்டி, வரிகளை விபேக்கரில் அடுக்கலாம். வரி நேராகும், ஆனால் பத்தி கோணும், ஏனென்றால் இப்போது அகலங்கள் ஒன்றையொன்று அறியாது. சரியான வழி, பேக்கர்பேஸிலிருந்து ஒரு கட்டம் போடும் பேக்கர் எழுதுவது: எல்லா உருப்படிகளின் அளவையும் வாங்கி, பத்திக்கு அதிகபட்ச அகலம், வரிக்கு அடிக்கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று தனித்தனியாக அதிகபட்சம் கண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பது. மேலும் கீழும் சேர்த்து மொத்த உயரத்தை மட்டும் எடுத்தால் எழுத்துகளின் அடிக்கோடு ஒன்றாக நிற்காது. நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். இந்தக் கணக்கு முழுவதும் ரெண்டரர் (வரைந்து தரும் பொருள்) கையில் வந்தபிறகு, ஆஃப்செட்களைத் திருப்பித் தரும் அந்த உள் மெத்தடில் நடக்க வேண்டும். ‘மோட்’ ஆர்கியுமென்ட்டில் ‘எக்ஸ்பேண்ட்’ கொடுத்தவருக்கு மிச்ச அகலத்தைப் பத்திகளுக்கிடையே பங்கிடவும் வேண்டும்.

இது இரண்டாவது புல் ரிக்வெஸ்ட். முதலாவதில் வெறும் நிரப்பும் வரிசை மட்டும். பல வரிப் பெயர்கள் நேராக நிற்காது என்பதை ஆவணத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். பராமரிப்பாளர்கள் “முதலில் கட்டத்தைக் கொண்டுவா” என்று சொன்னால் அதுவும் நியாயம்தான்.

தமிழ்ப் பெயர்கள் பற்றி ஒரு இடைச்சொல்

மேலே உள்ளதை அப்படியே தமிழில் ஓட்டினால் உங்களுக்குக் கட்டம் கட்டமாக வரும். நூலகத்தோடு வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை எழுத்துருப் பட்டியலில் சேருங்கள், 3.6 பதிப்பிலிருந்து, முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும்.

அப்போதும் ‘தென்கடல்’ என்று எழுதினால் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கும். நினைவகத்தில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்து வடிவமைப்புப் பொறியின் வேலை. 3.10 வரை வந்த வெளியீடுகளில் மேட்பிளாட்லிப்பின் இயல்பான பின்தளம் அதைச் செய்வதில்லை, வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். ‘வடகடல்’ என்பதில் கொம்பு இல்லாததால் தப்பித்துக்கொள்ளும், புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இந்த இரண்டு பெயரால் சொல்லும் ஊரில் ஒரு கடல் சரியாகவும் இன்னொன்று தப்பாகவும் தெரிகிற படத்தை எப்படிக் காட்டுவது? எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளம், எழுத்துகளை வடிவமைக்கும் ராக்ம் நூலகத்தின் உதவியோடு இதைச் சரியாகச் செய்கிறது. நான் கூட்டங்களுக்குப் போடும் படங்கள் அதில்தான். லெஜண்ட் கோப்பில் இதற்கு ஒட்டுப் போட முயலாதீர்கள். பிரச்சினை அங்கே இல்லை.

டெஸ்ட்

மேட்பிளாட்லிப்பில் பட டெஸ்ட் இரண்டு வகை. ஒன்று, சரியான படத்தைக் களஞ்சியத்தில் சேமித்து வைத்து ஒப்பிடுவது. களஞ்சியத்தின் எடையைக் கூட்டும் என்பதால் அவசியமில்லாமல் சேர்க்க விடமாட்டார்கள். மற்றது ‘செக் ஃபிகர்ஸ் ஈக்வல்’: இரண்டு வழியில் இரண்டு படம் வரைந்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. நம் வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஒரு படத்தில் ஏழு உருப்படிகளையும் இயல்பான வரிசையில் கொடுத்து ‘ரோஸ்’ என்று கேளுங்கள். இன்னொன்றில் புது ஆர்கியுமென்ட் இல்லாமல், 1, 4, 7, 2, 5, 3, 6 என்று கையால் கலைத்துக் கொடுங்கள். பத்தி எண்ணிக்கை இரண்டிலும் 3, 2, 2 என்பதால் படங்கள் அச்சு அசலாக ஒன்றாக வர வேண்டும். கோடுகளை வரையும் வரிசையைக் கலைக்காதீர்கள், நிறங்கள் மாறிவிடும். லெஜண்டுக்குக் கொடுக்கும் ஹேண்டில், லேபிள் பட்டியல்களை மட்டும் கலையுங்கள்.

இரண்டாவது டெஸ்ட், தப்பான சொல் கொடுத்தால் வேல்யூஎரர் வருகிறதா. மூன்றாவது, ‘கெட் டெக்ஸ்ட்ஸ்’ வரிசை மாறவில்லை என்பது. கட்டப் பேக்கர் வரை போகிறவர்கள் படத்தையே ஒப்பிட வேண்டாம்: முன்பு சொன்ன ‘டிரா வித்அவுட் ரெண்டரிங்’ ஓட்டிவிட்டு, ஒரே வரியில் உள்ள மூன்று ஒற்றை வரிப் பெயர்களின் அடிக்கோட்டு உயரம் சமமா என்று எண்ணாக ஒப்பிடுங்கள்.

டெஸ்ட் தோற்றால் ‘ரிசல்ட் இமேஜஸ்’ கோப்புறைக்குள் எதிர்பார்த்த படமும், வந்த படமும், வித்தியாசத்தை மட்டும் காட்டும் கறுப்புப் படமும் இருக்கும். கறுப்புப் படத்தை முதலில் திறங்கள்.

ஆவணமும் மிச்சச் சில்லறையும்

லெஜண்டின் ஆர்கியுமென்ட் விளக்கங்கள் ஒரே இடத்தில் எழுதப்பட்டு, அச்சு லெஜண்ட், படம் லெஜண்ட் இரண்டின் ஆவணத்திலும் தானாகச் செருகப்படுகின்றன. அந்தப் பொது உரையில் சேருங்கள். இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்ற குறிப்பும் வேண்டும். டைப் விவரங்கள் ‘பிஒய்ஐ’ என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கின்றன. அதை மறந்தால் டெஸ்ட் எல்லாம் தேறி, டைப் சோதனையில் மட்டும் சிவப்பு விழும். எனக்கு இரண்டு முறை விழுந்திருக்கிறது. புது வசதி என்பதால், அடுத்த வெளியீட்டின் புதுமைகளுக்கான கோப்புறையில் ஒரு சின்னக் குறிப்பும் அதில் ஒரு படமும். கமிட்டுக்கு முன் நிரலைச் சோதிக்கும் ப்ரீகமிட்டை நிறுவிக்கொண்டால் வரி நீளம் போன்ற சில்லறைகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அனுப்பியபின்

புல் ரிக்வெஸ்டின் முதல் பத்தியில் என்ன பிரச்சினை, கீழே முன்–பின் படங்கள், அதற்குக் கீழே இஷ்யூ எண். முதல்முறை அனுப்புகிறவருக்குத் தானியங்கிச் சோதனைகள் உடனே ஓடாது. பராமரிப்பாளர் ஒருவர் அனுமதிக்க வேண்டும். அசையவில்லையே என்று பதற வேண்டாம். நிரல் மாற்றத்துக்கு இரண்டு மையக் குழுவினரின் ஒப்புதல் தேவை; வெறும் ஆவண மாற்றமானால் ஒருவர் போதும். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துவிட்டு மரியாதையாக ஒரு வரி நினைவூட்டுங்கள். நம் ஊரில் ‘சார், கொஞ்சம் பாருங்க’ என்று தினமும் போய் நிற்கிற பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

திருத்தம் கேட்டால் பெயரை மாற்றச் சொல்வார்கள், அநேகமாக அதுதான் முதலில் வரும். ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் எழுதுங்கள், மற்றதை மாற்றிவிடுங்கள். இடையில் மெயின் கிளை முன்னேறி மோதல் வந்தால் ரீபேஸ் செய்யுங்கள் (உங்கள் கமிட்டுகளைப் புது மெயின் மேல் மறுபடி அடுக்குவது), மெர்ஜ் கமிட்டுகளைக் குவிக்காதீர்கள்.

சேர்ந்துவிட்டால், அடுத்த வெளியீட்டுக்குக் காத்திராமல் பார்க்க விரும்புகிறவர்கள் இரவுதோறும் கட்டப்படும் சோதனைப் பதிப்பை ஒரு தனி என்விரான்மென்ட்டில் நிறுவலாம். கூட்டத்துக்குப் போடும் படத்தை அதில் போடாதீர்கள். அதுவரைக்கும் ஊர்ப் பட்டியலைக் கையாலேயே தொண்டி, பாம்பன், ஏர்வாடி, தேவிபட்டினம், ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை என்று கலைத்துக் கொடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரிசையாக வந்துவிடும்.